மூன்றாவது மறுப்பு

ரெக்சிலின் அந்தப் பெண்ணை அடித்த காட்சியை நான் நூறு தடவைக்கு மேல் பார்த்துவிட்டேன். மொத்தமே ஆறு விநாடிதான். மாநிலப் பெண்கள் குத்துச்சண்டைப் போட்டி, மதுரையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முகூர்த்தம் இல்லாத ஆடி மாதம், மண்டபம் காலியாகக் கிடந்தது. மணமேடைக்கு முன்னால் நான்கு கம்பம் நட்டு, கயிறு கட்டி, சண்டை மேடை போட்டிருந்தார்கள். இரண்டாவது சுற்றில் ரெக்சிலின் இடது கையால் ஒன்று விட்டாள். எதிரே நின்ற பாளையங்கோட்டை முப்பிடாதியின் தலைக்கவசம் கழன்று போய் விழுந்தது. முப்பிடாதியின் கைகள் இரண்டும் தொங்கின. முழங்கால் மடங்கி, முதுகைக் கயிற்றில் சாய்த்து உட்கார்ந்துவிட்டாள். ஆட்டம் அத்தோடு முடிந்தது என்று பார்த்தவர்கள் எல்லாரும் நினைத்தார்கள். உட்கார்ந்தவளை யாரும் அடிப்பதில்லை.

அதற்குப் பிறகு பதினோரு அடி விழுந்தது.

ஈரத்துணியைக் கல்லில் அடித்துத் துவைக்கிற சத்தம்தான் பதிவில் கேட்கிறது. தாடை விலகியது. மூக்கெலும்பு நொறுங்கியது. இடது கண் உள்ளேயே கிழிந்துவிட்டது. நடுவர் குறுக்கே விழுந்து ரெக்சிலினைக் கட்டிப்பிடித்தார். அவருடைய மணிக்கட்டும் உடைந்தது. கடைசி அடிகள் அவர் தோளுக்கு மேலாகப் போய் விழுந்தன. பிறகு ரெக்சிலின் நின்றுவிட்டாள். தன் இரண்டு கையுறைகளையும் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, யாரோ மாட்டிவிட்டுப் போனதைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குக் குத்துச்சண்டை தெரியாது. என் பெயர் உமையாள், சொந்த ஊர் காரைக்குடி. மனநோய்க்கு மூளையின் சேதிகளை மாற்றுகிற கருவி செய்யும் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். அந்தப் பதினோரு அடியில் எனக்கும் பங்கு உண்டு. எத்தனை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ரெக்சிலினை எங்களிடம் கூட்டி வந்தவர் கித்தேரியான் மாஸ்டர். தூத்துக்குடியில் பழைய உப்புக் கிட்டங்கி ஒன்றில் மீனவக் குடும்பத்துப் பெண்பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டை சொல்லிக் கொடுக்கிறவர். மூக்கு இரண்டு இடத்தில் வளைந்திருக்கும், பேச்சு மட்டும் பூப்போல இருக்கும். ரெக்சிலினுக்கு அப்போது பத்தொன்பது வயது. அவள் சட்டைக்குள் அவளைத் தேட வேண்டியிருந்தது. சாப்பிடுவதே இல்லை, பயிற்சியில் நிற்கும்போதே மயங்கி விழுகிறாள் என்றார் மாஸ்டர்.

"எடைப் பிரிவு பாக்கும்போது ஒருநா, 'ஒடம்பு ஏறிட்டு பிள்ள'ன்னு சொல்லிட்டேன் மேடம். ஒரே ஒரு வாட்டி. நாந்தான் சொன்னேன்." அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

"நீங்க சொன்னதால வந்த நோய் இல்ல மாஸ்டர். நீங்க சொல்றதுக்கு முன்னாடியே இவ தனக்குத்தானே அதச் சொல்லிக்கிட்டிருந்திருப்பா. என்னம்மா?"

ரெக்சிலின் தலையைக் குனிந்தபடி ஆமாம் என்பதுபோல் அசைத்தாள்.

அவள் முன்னால் ஒரு தட்டில் ஓர் இட்லியை வைத்தேன். "இதச் சாப்பிட்டா என்ன ஆகும்?"

"எல்லாம் போச்சு."

"எல்லாம்னா?"

"எல்லாந்தான் மேடம். இன்னைக்கு ஓடுனது, குதிச்சது, பூராவும் வேஸ்ட். நான் ஒண்ணுக்கும் லாயக்கில்லாதவ."

ஓர் இட்லியிலிருந்து 'ஒண்ணுக்கும் லாயக்கில்லாதவள்' வரைக்கும் அவளுக்கு நடுவில் ஒரு படிகூடக் கிடையாது. இந்த நோய்க்காரர்கள் பலரிடம் நான் இதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மனதில் இருப்பது இரண்டே பெட்டி. ஒன்று முழுசு, இன்னொன்று பூஜ்யம். எதிரில் இருப்பவர் வாயே திறக்காவிட்டாலும் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும். நாளைக்கு நடக்கப்போகிற கேடும் இன்றைக்கே தெரிந்துவிடும். சாப்பாடு வெறும் சாக்கு. தண்டனை கொடுக்க ஏதாவது ஒன்று வேண்டுமே, அதற்குத் தட்டு கையெட்டும் தூரத்தில் இருக்கிறது.

"உள்ளுக்குள்ள ஒருத்தி நின்னு அடிக்கா மேடம்," என்றாள் ரெக்சிலின். "ரிங்குல அடிக்கவ கையில கிளவுஸாவது கெடக்கும்."

அந்த வார்த்தை எனக்குள் தைத்தது. இவளை எப்படியாவது பிழைக்க வைத்துவிட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன். எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது, அதனால்தான் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

எங்கள் கருவிக்குப் பொட்டு என்று பெயர். காதுக்குப் பின்னால், தோலுக்கு அடியில், ஒட்டுப்பொட்டு அளவுக்குத்தான் இருக்கும். அது என்ன செய்யும் என்று மாஸ்டர் கேட்டார்.

"சாதாரணமா வயிறு நெறஞ்சா மூளைக்குச் சேதி போகும், கை நிக்கும். இந்த நோய்ல வயிறு பேசுறதுக்கு முன்னாடியே நெனப்பு பேசிருது. வாய்க்குப் போற கைய 'நிறுத்து'ன்னு புடிச்சுக்குது. இவ மனசு இவளையே திட்டுற நேரத்துல பொட்டு முழிச்சுக்கும். அப்ப ஒரு 'நிறுத்து' வந்தா அத அமுக்கிவிட்டுரும். கை பாட்டுக்குப் போயிக்கிட்டே இருக்கும்."

"அப்பம் நெசமாவே வயிறு நெறஞ்சு நிறுத்துன்னா?"

"மூணாவது வாட்டி வந்தா விட்டுரும். ரெண்டு வாட்டிதான் அமுக்கும்."

"அதென்ன மூணு?"

நான் பெருமையோடு சொன்னேன். பெருமைப்பட்டது நன்றாக நினைவிருக்கிறது, இன்றைக்கு நினைத்தால் வாய் கசக்கிறது. வெளிநாட்டில் செய்த முதல் கருவி, நோயாளியின் முதல் 'நிறுத்து'க்கே பணிந்துவிடும். அதனால் பலனே இல்லை. எத்தனை தடவை மீறலாம் என்று எங்கள் ஆய்வகத்தில் பெரிய விவாதம் நடந்தது. அப்போது நான்தான் சொன்னேன். எங்கள் பக்கம் பந்தியில் பரிமாறுகிறவர்கள் முதல் 'வேண்டாம்' என்பதைக் காதிலேயே வாங்க மாட்டார்கள், அது மரியாதைக்குச் சொல்வது. இரண்டாவது கூச்சம். இலைக்கு மேல் கையைக் குறுக்கே நீட்டி மூன்றாவதாகச் சொன்னால்தான் கரண்டி திரும்பும். மூன்று என்றே வைப்போம் என்றேன். அறையில் இருந்த ஆறு பேரும் சிரித்தார்கள். ஆறு பேருமே அப்படிப்பட்ட வீடுகளில், அப்படிப்பட்ட பந்திகளில் வளர்ந்தவர்கள். ஒருவருக்குமே அதில் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. எங்கள் தலைவர் வைகுந்தன் பலகையில் மூன்று என்று எழுதி அதைச் சுற்றி வட்டம் போட்டார்.

மாஸ்டரும் சிரித்தார். "எங்க வீட்லயும் அதே கததான் மேடம். மூணு தட்டு சோறு வச்ச பொறவுதான் எந்திரிக்க விடுவாவ."

பொட்டு வேலை செய்தது. அதை மறைக்க முடியாது. பொட்டு இல்லாத மற்ற ஊர்களில் கால்வாசிப் பேர் தேறினார்கள் என்றால் எங்களிடம் முக்கால்வாசி. ரெக்சிலின் சாப்பிட ஆரம்பித்தாள். முதலில் அழுதுகொண்டே சாப்பிட்டாள், பிறகு எரிச்சலோடு, பிறகு மற்றவர்களைப் போலப் பேசிக்கொண்டே. ஆறு மாதத்தில் கன்னம் வந்தது. மேல் எடைப் பிரிவுக்கு மாறி மாவட்டத்தில் ஜெயித்தாள். கோப்பையோடு என்னைப் பார்க்க வந்தவள் எங்கள் ஊர் இனிப்பு என்று ஒரு பொட்டலம் மக்ரூனை நீட்டி, வழியிலேயே நாலு தின்னுட்டேன் மேடம் என்றாள். அன்றைக்கு நான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

பொட்டுக்குத் தட்டு தெரியாது, நினைப்புதான் தெரியும். இதை நாங்கள் அறிந்தே இருந்தோம். கை எதற்குப் போகிறது என்று அது பார்ப்பதில்லை. வாய்க்குப் போகிற கையானாலும் அடுத்தவள் முகத்துக்குப் போகிற கையானாலும் மூளையில் அதை நிறுத்துகிற இடம் ஒன்றுதான். இந்த நோய் வந்தவர்கள் தங்களைத் தவிர யாரையும் அடிக்க மாட்டார்கள் என்று நாங்களே நினைத்துக்கொண்டோம். எங்களிடம் வந்த முதல் குத்துச்சண்டைக்காரி ரெக்சிலின்தான்.

அன்றைக்கு மேடையில் முப்பிடாதி அவள் காதோரம், "ஒடம்ப வளத்து வச்சிருக்க, பன்னி, மூச்சு வாங்குதா?" என்று கேட்டிருக்கிறாள். சண்டையில் இது சகஜம், எதிராளியைக் கோபப்படுத்தச் சொல்வது. ரெக்சிலினின் மனம் பழைய பாட்டைத் தொடங்கியது. பொட்டு விழித்தது. அது செய்ய வேண்டியதைச் செய்தது.

எல்லாம் பொட்டின் பதிவில் இருக்கிறது. முப்பிடாதியின் முழங்கால் மடங்கிய அந்தக் கணமே ரெக்சிலினின் மூளை 'நிறுத்து' என்றது. மரியாதைக்குச் சொல்கிறாள் என்று பொட்டு அமுக்கியது. ஐந்து அடி விழுந்தது. மறுபடியும் 'நிறுத்து', முன்னைவிடப் பலமாக. கூச்சப்படுகிறாள் என்று பொட்டு அமுக்கியது. நான்கு அடி விழுந்தது. மூன்றாவது 'நிறுத்து' ஓர் அலறல் மாதிரி பதிவாகியிருக்கிறது, கோடு தாளை விட்டே மேலே போய்விட்டது. பொட்டு சட்டென்று விலகி அணைந்தது.

அது அணைந்த பிறகும் இரண்டு அடி விழுந்தது.

அந்த இரண்டுக்கும் நேராகப் பொட்டின் வரிசை வெறுமையாக இருந்தது. மூளையிலும் 'நிறுத்து' இல்லை. அவளுக்குள் தள்ளவும் எதுவுமில்லை, தடுக்கவும் எதுவுமில்லை. அந்த இரண்டும் ரெக்சிலினுடையவை.

போலீஸ் அவளைக் கொண்டுபோனது. தொலைக்காட்சியில் ஆறு விநாடியை மணிக்கணக்காக ஓட்டினார்கள். காவலில் அவள் சாப்பாட்டைத் தொடவில்லை. "நான் மிருகம் மேடம்," என்று என்னிடம் சொன்னாள். "மிருகத்துக்கு எதுக்குச் சோறு?" மறுபடியும் அதே இரண்டு பெட்டி. பதினொன்றில் உன்னுடையது இரண்டு என்று நான் சொன்னால், பதினொன்றும் உன்னுடையது என்றுதான் அந்த மனதுக்குக் கேட்கும். செத்துப்போவாள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

வைகுந்தனிடம் ஒன்றும் சொல்லவில்லை. பதிவைத் திறந்து, மூன்றாவது 'நிறுத்து' வந்த இடத்தை ஒரு விநாடி பின்னால் தள்ளி வைத்தேன். இப்போது பதினோரு அடியும் அதற்கு முன்னால் வந்துவிட்டன. குற்றம் முழுவதும் கருவியுடையது. கையெழுத்துப் போட்டு நீதிமன்றத்துக்கு அனுப்பினேன்.

ரெக்சிலினை விட்டுவிட்டார்கள். அவள் காதுக்குப் பின்னாலிருந்த பொட்டைச் சாட்சிப் பொருளாக எடுத்துக்கொண்டார்கள். மற்ற நோயாளிகளின் பொட்டு, கையில் சாப்பாடு இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு வேலை செய்யும்படி மாற்றப்பட்டது. ஒரு வாரத்தில் முடிந்துவிட்ட வேலை. அதை முதல் நாளே செய்திருக்கலாம் என்பது இன்னும் என் நெஞ்சை அறுக்கிறது.

மூன்று வாரம் கழித்து மாஸ்டர் போன் செய்தார்.

"பிள்ள சாப்பிட மாட்டேங்கா மேடம். ஆஸ்பத்திரியில போட்டிருக்கு. கேஸு போச்சு, பயப்படாதட்டின்னு எல்லாரும் சொல்லுதோம். சொல்லச் சொல்ல மோசமாப் போறா. டாக்டர் என்னயத் தனியாக் கூப்பிட்டுப் பேசுனாவ."

அடுத்த நாள் பகல் தூத்துக்குடிக்குப் போய்ச் சேர்ந்தேன். முதல் தடவை எங்களிடம் வந்தபோது இருந்ததைவிட மோசமாக இருந்தாள் ரெக்சிலின். கையில் ஊசி ஏற்ற நரம்பு கிடைக்காமல் புறங்கை பூராவும் நீலமாகக் கிடந்தது. மாஸ்டர் கட்டிலுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்றார். நர்ஸ் வைத்துவிட்டுப் போன கஞ்சி ஆடை படர்ந்து ஆறியிருந்தது.

"உன்ன விட்டாச்சு ரெக்சிலின். தப்பு எங்களோடதுன்னு கோர்ட்டே சொல்லிருச்சு. நீ ஒண்ணும் பண்ணல. அப்புறம் ஏன் சாப்பிட மாட்டேங்கிற?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்ததாக எனக்குப் பட்டது, அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

"நடுவர் சாரு என்னயக் கட்டிப்புடிச்சாவ மேடம். அவிய தாடி என் கன்னத்துல குத்திச்சு. அது எனக்குத் தெரிஞ்சிச்சு. அதுக்கு முந்தி ஒண்ணுமே தெரியல, கை அது பாட்டுக்குப் போச்சு, நான் கெடந்து கத்துதேன், அது கேக்கல. தாடி குத்துன பொறவு எல்லாம் தெளிவாயிட்டு. என் கை என் கையாயிட்டு. அந்த மூஞ்சியப் பாத்தேன். பன்னின்னு சொன்ன வாய் அது. அடிச்சேன்."

மாஸ்டர் திரும்பினார்.

"ரிப்போர்ட்டுல அப்படி இல்லயே," என்றார்.

"ரிப்போர்ட்டு பொய்யி மாஸ்டர்." ரெக்சிலின் கண்ணை மூடிக்கொண்டாள். "மேடம் எனக்காகப் பொய் சொல்லிருக்காவ. பொய் சொல்லித்தான் காப்பாத்தணும்னா நான் எம்புட்டுப் பெரிய பாவியா இருக்கணும். ஒண்ணுமே பண்ணலன்னு எல்லாரும் சொல்லுதிய. ஒண்ணுமே இல்லன்னு இல்ல, எனக்குத் தெரியும். அப்பம் பதினொண்ணும் நாந்தான்."

இரண்டு பெட்டி, இரண்டு பெட்டி என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்திக்கொண்டிருந்தேனே, நான் செய்தது என்ன? குற்றமே இல்லை என்று இவளைத் தூக்கிப் பூஜ்யப் பெட்டிக்குள் போட்டு மூடினேன். அதற்குள் அடங்காதவள் முழுசுப் பெட்டிக்குள் போய் விழுந்துவிட்டாள். இரண்டுக்கும் நடுவில் ஓர் எண் இருந்தது, அதை நான் ஒளித்து வைத்திருந்தேன். என் மனசும் அவள் மனசு மாதிரியே நோய்ப்பட்டது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மடிக்கணினியை எடுத்து, திருத்தாத பதிவைத் திறந்து அவள் மடியில் வைத்தேன்.

"இது மொதல் தடவ நீ நிறுத்துன்னு சொன்ன இடம். நாங்க கேக்கல. அஞ்சு அடி. இது ரெண்டாவது. அப்பவும் கேக்கல. நாலு. இது மூணாவது. இங்கதான் உன்ன விட்டோம்."

அவள் விரலை மெதுவாகக் கோட்டின் மேல் நகர்த்திக்கொண்டே போனாள். "இதுக்குப் பொறவு எத்தன?"

"ரெண்டு."

"ரெண்டா?"

"ரெண்டு. அது உன்னோடது. அத நான் மறைச்சேன். மீதி ஒம்பதும் எங்களோடது, அதுல உனக்குப் பங்கே இல்ல. நீ ரெண்டு வாட்டி நிறுத்துன்னு சொல்லியும் நாங்க நிறுத்தல."

"ரெண்டு," என்றாள் மறுபடியும். இப்போது இந்த இரண்டை அவள் மனம் பதினொன்றாகப் பெருக்கிக்கொள்ளும் என்று காத்திருந்தேன். "ரெண்டு அடி அடிச்சிருக்கேன். கீழ கெடந்தவள. அது பெரிய தப்பு மேடம்."

"ஆமா. பெரிய தப்பு."

"ஆனா ரெண்டு."

"ரெண்டு."

நெடுநேரம் அவள் அழுதாள். அழுகை நின்ற பிறகு கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்து, ஆறிட்டு என்றாள். மாஸ்டர் சூடாக வாங்கி வர ஓடினார். சூடாக வந்ததில் பாதி குடித்தாள். பாதியை வைத்துவிட்டாள். நாங்கள் வற்புறுத்தவில்லை.

அன்று மாலையே உண்மையான பதிவை நீதிமன்றத்துக்கு அனுப்பினேன், நான் செய்த திருத்தத்தையும் எழுதி. வேலை போயிற்று. வழக்கு மறுபடியும் திறக்கும், என் மேலும் சேர்த்து. ரெக்சிலினிடம் இதைச் சொன்னபோது, "சரி, நிப்போம்," என்றாள். பிறகு, "முப்பிடாதிகிட்ட என்னயக் கூட்டிட்டுப் போறியளா?" என்று கேட்டாள்.

நடக்கத் தெம்பு வர ஒரு மாதம் ஆனது. சாப்பாடு ஒருநாள் இறங்கியது, ஒருநாள் இறங்கவில்லை. மருத்துவர் தலையாட்டிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் மூவரும் பாளையங்கோட்டைக்குப் போனோம்.

முப்பிடாதி வீட்டு மொட்டை மாடியில் இருந்தாள். தகரக் கூரைக் கம்பியில் மணல் மூட்டை ஒன்று தொங்கியது. கையில் வெறும் துணிப்பட்டை சுற்றி அதைக் குத்திக்கொண்டிருந்தாள். இரண்டில் ஒரு குத்து தவறிப் பக்கவாட்டில் வழுக்கியது, ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை. காலடிச் சத்தம் கேட்டுக் கழுத்தை முழுதாகத் திருப்பி எங்களைப் பார்த்தாள். இடது கண் இருந்த இடத்தில் இமை தைத்திருந்தது. தாடை ஒரு பக்கம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"எதுக்கு வந்த?"

"ஒன்கிட்டச் சொல்லணும்னு வந்தேன்," என்றாள் ரெக்சிலின். "ரெண்டு அடி என்னோடது. மிசினு விட்ட பொறவு, தெரிஞ்சே அடிச்சது."

"பதினொண்ணுல்லா விழுந்திச்சு."

"ஒம்பது எங்க கருவியோடது," என்றேன் நான். நிறுத்தச் சொன்னதையும், நிறுத்தாமல் விட்டதையும், நான் மறைத்ததையும் சொன்னேன். முப்பிடாதி என் பக்கம் திரும்பவே இல்லை. மணல் மூட்டையைக் கையால் பிடித்து ஆட்டத்தை நிறுத்தினாள்.

"எத்தனாவது அடியில என் கண்ணு போச்சு?"

அவள் கண்ணைப் பார்த்த மருத்துவரிடம் நானும் இதையே கேட்டிருந்தேன். கண்டுபிடிக்க வழியில்லை என்று சொல்லிவிட்டார். ரெக்சிலின் வாயைத் திறந்தாள். நான்தான் என்று சொல்லிவிடுவாள், அந்த ஒரு வார்த்தையோடு இத்தனை நாள் சாப்பிட்டதெல்லாம் போய்விடும் என்று நான் பயந்தேன்.

"தெரியாது," என்றாள் ரெக்சிலின். "அந்த ரெண்டுல ஒண்ணா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது."

முப்பிடாதி ஒரு கையின் துணிப்பட்டையைப் பல்லால் கடித்து இறுக்கினாள்.

"கைய எறக்கு."

ரெக்சிலின் கையை இறக்கினாள். மாஸ்டர் முன்னால் வந்தார், அவள் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். முதல் குத்து விலாவில் விழுந்தது. உள்ளே எதுவோ முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. ரெக்சிலின் மடங்கினாள், நிமிர்ந்தாள். இரண்டாவது முகத்தில். உதடு பிளந்து ரத்தம் முகவாய் வழியாகச் சட்டையில் ஊற்றியது. அவள் முழங்காலில் விழுந்தாள். முப்பிடாதியின் கை மூன்றாவதாக ஓங்கியிருந்தது. அவள் தோள் முழுக்க ஆடியது. தைத்த இமைக்குக் கீழே தசை துடித்தது. அந்தக் கையை அவள் தானாகவே, அங்குலம் அங்குலமாக இறக்கினாள். அதைப் போன்ற கடினமான வேலையை ஒரு மனிதர் செய்து நான் பார்த்ததில்லை.

"ரெண்டு," என்றாள்.

பக்கத்தில் கிடந்த துண்டை எடுத்து ரெக்சிலின் முன்னால் போட்டாள். ரெக்சிலின் அதை வாயில் அழுத்திக்கொண்டாள். அவள் அழவில்லை. வெகுநாளாக முதுகில் தூக்கி வந்ததை இறக்கி வைத்தவள் மாதிரி மூச்சு விட்டாள்.

முப்பிடாதி கழுத்தை மெதுவாகத் திருப்பி, முதல் தடவையாக என்னைப் பார்த்தாள்.

"மீதி ஒம்பது யாரோடதுன்னு சொன்னிய?"

ஆய்வகத்தில் ஆறு பேர் இருந்தோம் என்று சொல்லியிருக்கலாம். வழக்கு நடக்கிறது, தீர்ப்பு வரட்டும் என்றும் சொல்லியிருக்கலாம். நான் என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மாஸ்டர் கையில் கொடுத்தேன்.